தலை வெட்டின படம்

நவம்பர் 4, திங்கள்

காலையில் இருந்து மழை. தீபாவளிக்கு முதல் நாள் துவைத்த துணி இன்னும் காயவில்லை. அடுப்புக்கு மேல் கயிறு கட்டிப் போட்டேன். எல்லாம் புகை வாசம், மகள் நிலாவின் புதுச் சட்டையும் சேர்த்து.

நான் பிள்ளை பார்க்கிற தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவுக்குப் பாதிப் பிள்ளைகள்தான் வந்தார்கள். தேயிலைக் கொழுந்து எடுக்கப் போன அம்மாக்களே பாதிதான். பால் மிச்சம். (பிள்ளைக்காம்பரா என்று இனி முழுசாக எழுதப் போவதில்லை. பி.கா. போதும். நாள் முழுக்க அங்கே பிள்ளை தூக்கிய கை.)

வேலை முடிந்ததும் டேங்கடிக்கு ஏறினேன். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் சிக்னல் சுத்தமாக இல்லை. மேட்டில் தண்ணி டேங்க் இருக்கிற இடத்தில்தான் போனுக்கு உயிர் வரும். யார் மேலே போனாலும் மற்றவர்களுக்கும் சேர்த்துப் பார்த்து, ஸ்கிரீன்ஷொட் எடுத்துக்கொண்டு இறங்க வேண்டும். குடத்தில் தண்ணீர் கொண்டுவருவது போலத்தான். "சுமதி, மேல போனா படம் இறக்கிக்கிட்டு வா" என்று ஆளுக்கு ஒன்று சொல்லிவிடுவார்கள். கீழே வந்தபின் போனையும் போனையும் பக்கத்தில் வைத்தால் படம் தாவிவிடும், அதற்கு நெட் தேவையில்லை.

இன்று இறக்கியவை:
தோட்டத் தலைவருக்கு, யூனியன் கூட்டக் கடிதம்.
லெச்சுமிக்கு, கிளினிக் திகதி. (ஏழு மாதம். கால் வீக்கம்.)
எனக்கு, ஹாலிஎலயில் இருந்து தங்கை கலா அனுப்பிய குழந்தைப் படம். அப்படியே கலாவின் மூக்கு, பாவம்.
எல்லாருக்கும், மண்சரிவு எச்சரிக்கை. மஞ்சள்.

மஞ்சள் என்றால் கவனமாக இருங்கள் என்று அர்த்தமாம். இருக்கிறேன். கண்ணை மூடினாலும் அதுதான். மாட்டுப்பட்டிக்குப் பின்னால் மண்ணில் ஒரு வெடிப்பு. தீபாவளி அன்று விரல் போகிற அளவு. இன்று நிலாவின் செருப்பு அதற்குள் மாட்டிக்கொண்டது.

மாமாவிடம் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்ல? கல்யாணமாகி வந்த நாளில் இருந்து மாமனார் முகத்தைப் பார்த்து நான் பேசியதில்லை. அவரும் என் பெயரைச் சொன்னதில்லை, "அந்தப் புள்ள" தான். எங்கள் குடும்பங்களில் மரியாதை அப்படி. மாமி இருந்தவரை மாமி வழியாகப் பேச்சு ஓடியது. மாமி போனபின் நான் நிலாவிடம் சொல்வேன், மாமா மாட்டிடம் சொல்வார். இவர் கொழும்பில் ஹாட்வெயார் கடையில். ஆக வீட்டில் மூன்று பேர், ஒரு மாடு.

பட்டிக்குப் பின்னால் வெடித்திருக்கிறது என்று தாத்தாவிடம் சொல் என்றேன். நிலா சொன்னாள். மாமா சிவப்பியின் கழுத்தைச் சொறிந்துகொண்டே, "மண்ணுன்னா வெடிக்கத்தாண்டி செய்யும் செவப்பி. நம்ம காலு வெடிக்கலையா" என்றார்.

சிவப்பி தலையாட்டியது. வேறென்ன செய்யும்.

நவம்பர் 6, புதன்

ஹல்துமுல்லை டவுன். பி.கா. மாத ரிப்போட் அனுப்பும் நாள். இந்த முறை பிள்ளைகளின் நிறை போட்ட பக்கத்தைப் படமாக எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். பாரூக் நானாவின் கடைக்குப் போனேன். போட்டோக்கொப்பி, ரீலோட், லெமினேட், கம்ப்யூட்டர் எல்லாம் ஒரே மேசை. நானா பொறுமைசாலி. நான் கேட்டதையே கேட்பேன்.

மறந்துவிடுவேன், எழுதி வைக்கிறேன்.
கடைக் கம்ப்யூட்டரில் பிரிண்ட் ஸ்கிரீன் பொத்தான் மட்டும் அமுக்கினால் எடுத்ததா இல்லையா என்றே தெரியாது. பெயின்டில் போய் ஒட்டினால்தான் படம் வரும். விண்டோஸ் பொத்தானையும் சேர்த்து அமுக்கினால் படங்கள் ஃபோல்டரில் தானாகப் போய் உட்காரும். விண்டோஸ், ஷிஃப்ட், எஸ் மூன்றும் சேர்ந்தால் திரை மங்கும், வேண்டிய துண்டை மட்டும் எடுக்கலாம்.
நானாவின் மகள் லெப்டொப் ஆப்பிள். அதில் விண்டோஸ் பொத்தானே கிடையாது. கமாண்ட், ஷிஃப்ட், மூன்று என்றால் முழுத் திரை. நான்கு என்றால் துண்டு. ஐந்து என்றால் வீடியோவாகவே பதியலாம்.
என் போன்: பவர், சத்தம் குறைக்கிற பொத்தான், இரண்டும் ஒரே நேரத்தில். கொஞ்சம் பிந்தினாலும் படம் வராது, சத்தம்தான் குறையும்.
லெச்சுமியின் போன்: மூன்று விரலால் கீழே இழுத்தால் போதும். பொறாமையாக இருக்கிறது.

ஒரே வேலைக்கு ஊர்ப்பட்ட வழி. நானா சிரித்தார். ஒவ்வொரு வீட்டில் ஒவ்வொரு மாதிரிக் குழம்பு, பசிக்குச் சாப்பிட்டால் சரி என்றார்.

பெரியவர்களுக்கு எழுத்து தெரியவில்லை, படத்தைக் கண்ணில் ஒட்டிக்கொண்டு பார்க்கிறார்கள் என்றேன். சுற்றி இருப்பதை வெட்டிவிட்டால் நடுவில் உள்ளது பெரிதாகும் என்று போனிலேயே காட்டித் தந்தார். இன்றைய எச்சரிக்கையை வைத்துப் பழகினேன். மேலே போனின் நேரம், திகதி, தலைப்பு எல்லாம் போனது. கீழே பிரதேசங்களின் பெயர் வரிசை போனது. நடுவில் நிறமும் ஒரு வசனமும். அதைச் சுற்றி விரலால் ஒரு வட்டம் போட்டேன். வட்டம் கோணல் முட்டையாக வந்தது. பரவாயில்லை. மூக்குக் கண்ணாடி இல்லாதவர்களும் வாசிக்கலாம்.

திரும்பும்போது வளைவில் பஸ் நின்றது. ரோட்டில் கல். டிரைவரும் இரண்டு பேரும் இறங்கித் தள்ளினார்கள். எல்லாரும் மேலே பார்த்தோம்.

நவம்பர் 8, வெள்ளி

சிவப்பு.

விடிந்ததும் டேங்கடி. பக்கம் திறந்து அந்த நிறத்தைக் கண்டதும் அவசர அவசரமாகப் படம் எடுக்கப் போனேன். இரண்டு பொத்தானும் சேர்ந்து அமுங்கவில்லை. சத்தம் குறைந்தது, குறைந்தது, சைபரானது. கடைசியில் போனை டேங்க் கட்டில் வைத்து அமுக்கினேன். "உடனடியாக வெளியேறவும்." வெட்டினேன், பெரிதாக்கினேன், சிவப்பில் முட்டை போட்டேன், இறங்கி ஓடினேன்.

போன் போனாகத் தாவியது. கீழ் லயம் வரை எல்லார் கையிலும் என் படம். பாய், அடுப்புச் சாமான், கோழி, ஐடென்டிட்டி கார்ட், எல்லாத்தோடும் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு. தலைவர் லயத்துக்கு லயம் நின்று பெயர் கூப்பிட்டார். மாமா கடைசி. சிவப்பி இல்லாமல் வரமாட்டார். வழியில் கல்லில் அடிபட்டு மாட்டுக்குக் குளம்பில் காயம்.

பிள்ளைகள் வகுப்பறையில் கூத்தாடுகிறார்கள். நானும் சிரித்த முகமாக இருக்கிறேன். மலையை எட்டி எட்டிப் பார்க்கிறேன்.

நவம்பர் 9, சனி

மலை அப்படியே. மழையும் விட்டது. பள்ளிக்கூடத்தில் சிக்னல் உண்டு, ஆனால் இத்தனை போனும் ஒன்றாக இழுத்தால் பக்கம் சுற்றிக்கொண்டே கிடக்கும். என்னுடையதில்தான் முதலில் திறந்தது. "வெளியேறும் எச்சரிக்கை நீக்கப்பட்டுள்ளது." வெட்டினேன். இந்த முறை பச்சையில் முட்டை.

கைதட்டினார்கள். தலைவரின் சம்சாரம் என் தலையைத் தடவிவிட்டது. பெரிய ஆள் மாதிரி ஒரு நினைப்பு வந்தது எனக்கு, பொய் சொல்லக் கூடாது.

கலாவுக்கும் அனுப்பினேன், நாங்கள் வீட்டுக்குப் போகிறோம், பயப்படாதே என்று. உடனே ரெண்டு டிக் விழுந்தது. போய்ச் சேர்ந்துவிட்டது. பதிலுக்கு ஒரு கும்பிடு போட்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து முதல் வேலையாகப் பட்டிக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். வெடிப்பில் என் உள்ளங்கை போகிறது.

நவம்பர் 13, புதன்

நல்ல வெயில். துணி எல்லாம் காய்ந்தது. பி.கா.வில் பால் ஆற்றிக்கொண்டிருந்தேன். கீழ் லயத்துப் பொம்பிளைகள் ஓடி வந்து பிள்ளைகளைப் பிடுங்கினார்கள். தூங்கின பிள்ளையையும் தொட்டிலோடு. சிவப்பாம், உடனே போக வேண்டுமாம்.

வெளியே வந்து வானத்தைப் பார்த்தேன். மேகமே இல்லை. யார் சொன்னது என்று கேட்டால் போனைக் காட்டுகிறார்கள். சிவப்பு முட்டை. என்னுடையது. வெள்ளிக்கிழமைப் படம்.

கீழ் லயத்தில் யாரோ ஒரு பெட்டை போனில் படம் அழிக்கும்போது இதைக் கண்டிருக்கிறாள். திகதி இல்லை, நேரம் இல்லை, இன்றுதான் வந்தது என்று நினைத்துக் கத்தியிருக்கிறாள். அவளைக் குறை சொல்ல என்ன இருக்கிறது. நானே அதைப் பார்த்து ஒரு நொடி நடுங்கிவிட்டேன்.

லெச்சுமி தண்ணி ஓடுகிற கானில் வழுக்கி விழுந்துவிட்டாள். வயிற்றுக்கு ஒன்றும் இல்லை என்று டிஸ்பென்சரியில் சொன்னார்கள். கணுக்கால் வீங்கிப் பூசணி.

மாலையில் தலைவர் கூட்டிவைத்துக் கேட்டார். "படத்துக்கு தல எங்கம்மா? தல இல்லாட்டி எந்த நாளுன்னு எப்புடி கண்டுபுடிக்கிறது?" எழுத்துப் பெரிதாக வேண்டும் என்றுதான் என்றேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். இப்போது லயம் முழுக்க அதற்குப் பெயர் தலை வெட்டின படம். எனக்கும் ஏதாவது பெயர் வைத்திருப்பார்கள்.

மாமா பட்டியில் மாட்டுக்கு மருந்து போட்டுக்கொண்டு, "ஓடுனதுதாண்டி மிச்சம் செவப்பி. இனி யாரு என்னா காட்டுனாலும் நாம நகர்றது இல்ல" என்றார். எனக்குக் கேட்க வேண்டும் என்றே உரக்கச் சொன்னார்.

நவம்பர் 16, சனி

சோறு வடிக்கும்போது ஒன்று நினைவுக்கு வந்தது. கஞ்சி கையில் ஊற்றிக்கொண்டேன்.

சிவப்புப் படம் பழையதாக இருந்தால் என்ன ஆகும்? ஆட்கள் வீணாக ஓடுவார்கள், யாராவது விழுவார்கள், என்னைத் திட்டுவார்கள். அவ்வளவுதான். ஆனால் பச்சையும் அப்படியே தலையில்லாமல்தானே சுற்றுகிறது. மழை கொட்டுகிற ஒரு நாளில் யாராவது அதைக் கண்டால்?

அடுப்பை அணைத்துவிட்டு வீடு வீடாகப் போனேன். போனைத் தாருங்கள், அழித்துத் தருகிறேன் என்று கெஞ்சினேன். சிலர் தந்தார்கள். சிலர் கேலி பண்ணினார்கள். வேலைக்குப் போன ஆட்களின் போன் அவர்களோடு. ஒருத்தியின் போனில் அதே படம் மூன்று இடத்தில் கிடந்தது. வெட்டுகிற படம் ஒன்று, பெருகுவது எத்தனை என்று எனக்கே தெரியவில்லை.

பிறகு பஸ் பிடித்து நானாவிடம். அழுதுவிடுவேன் போல இருந்தது. நானா தேத்தண்ணி வாங்கித் தந்தார். "இனி படம் வேணாம் தங்கச்சி. ஸ்கிரீனையே வீடியோவா எடுங்க. மேல மணிக்கூடு ஓடும், பக்கம் புதுசா தெறக்குறது தெரியும். ஓடுற மணிக்கூட யாரும் பழசுண்டு சொல்ல ஏலாதே."

கடைக் கம்ப்யூட்டரில் விண்டோஸும் ஜியும் அமுக்கினால் பதிகிற பெட்டி வருகிறது. ஆப்பிளில் முன்பு சொன்ன ஐந்து. என் போனில் மேலிருந்து இழுத்தால் ஒரு புள்ளி போட்ட வட்டம். தொட்டதும் சத்தம் வேண்டுமா வேண்டாமா, மைக்கா என்று கேட்கும். எதையோ அமுக்கினேன், ஓடியது. முதலில் நேரமும் திகதியும் தெரிய விட்டு, பிறகு பக்கத்தைப் புதிதாகத் திறந்து, எங்கள் பிரதேசத்தின் பெயர் வரை இழுத்துக் காட்ட வேண்டும். கடையில் இருந்தே பழகினேன். நானாவின் மகள் கெட்டிக்காரி என்றாள். சின்னப் பிள்ளையாட்டம் சந்தோஷம்.

நவம்பர் 19, செவ்வாய்

மழை. நேற்று மத்தியானம் பிடித்தது, விடவே இல்லை. குடிக்கப் பிடிக்கிற பீலித் தண்ணீர் தேத்தண்ணி நிறம். வடிகட்டியும் தெளியவில்லை. பி.கா. கதவு நேற்று வரை சாத்தியது, இன்று நிலையில் இடிக்கிறது. மழையில் மரம் ஊதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

எச்சரிக்கை செம்மஞ்சள், சிவப்புக்கு ஒரு படி கீழே.

கலாவிடம் பேசினேன். அவர்கள் பக்கமும் மழையாம், கோயில் மண்டபத்தில் போய் இருக்கச் சொல்லியிருக்கிறார்களாம். குழந்தைக்குச் சளி. "எங்க மலை உங்க மலை மாதிரி இல்லக்கா, இது சாதுவான மலை" என்று சிரித்தாள். மலையில் சாது என்ன முரடு என்ன. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இவருக்கும் போன் எடுத்தேன். அப்பாவைக் கவனமாகப் பார் என்றார். நான் பார்ப்பது இருக்கட்டும், உங்கள் அப்பா என் பக்கம் பார்ப்பாரா?

நவம்பர் 20, புதன்

பள்ளிக்கூடத்தில் இருந்து எழுதுகிறேன். எல்லாரும் வந்துவிட்டோம். நடந்ததை நடந்தபடி.

காலையில் பட்டிக்குப் பின்னால் போக நினைத்தேன், போக முடியவில்லை. வெடிப்பு வாயைத் திறந்து கிடக்கிறது. அதற்கு அந்தப் பக்கம் இருந்த தேயிலைச் செடிகள் ஒரு முழம் கீழே இறங்கி நிற்கின்றன. யாரும் பிடுங்கவில்லை, யாரும் நடவில்லை. தாமாக இறங்கி நிற்கின்றன.

டேங்கடிக்கு எப்படி ஏறினேன் என்று தெரியாது. குடை ஒரு பக்கம் போய்விட்டது. போனை முந்தானைக்குள் வைத்துத் திறந்தேன். சிவப்பு. முதலில் படம், தலையோடு. அப்புறம் ரெக்கோடிங். நேரம், திகதி, பக்கம், பெயர். நானா சொன்ன ஒழுங்கில்.

கீழே வந்து தலைவரிடம் படத்தைக் காட்டினேன். பக்கத்தில் நின்றவர்கள், இதெல்லாம் அன்றைக்குள்ள படம்தான் என்றார்கள். தலையைப் பாருங்கள் என்றேன். தலையையும் ஒட்டலாமே என்று ஒருத்தர். கோபத்தில் கண் இருட்டியது. வீடியோவைப் போட்டேன். சத்தம் இல்லை, பொத்தான் அமுக்கி அமுக்கி சைபரில் கிடந்தது, நான் கவனிக்கவில்லை. ஆனால் மணிக்கூட்டில் நிமிடம் மாறுவது தெரிந்தது, பக்கம் வெள்ளையாகிப் புதிதாக விழுந்தது தெரிந்தது. தலைவர் விசிலை எடுத்து ஊதினார்.

லயம் காலி. லெச்சுமியை நாற்காலியில் வைத்துத் தூக்கிப் போனார்கள். எங்கள் வீட்டில் மட்டும் மாமா அசையவில்லை. பட்டியில் உட்கார்ந்து வைக்கோல் உதறுகிறார். நிலாவிடம் சொல்லிவிட்டேன். "தாத்தா வரமாட்டாங்களாம், மாட்டுக்கு காலு வலிக்குதாம்."

போனை நிலாவிடம் தந்து தாத்தாவுக்குக் காட்டச் சொன்னேன். நான் வாசல் ஓரம். நிலா கார்ட்டூன் பார்க்கிறவள், எடுத்ததும் சத்தத்தைக் கூட்டினாள்.

முதலில் மழைச் சத்தம். அதற்குள் ஒரு பொம்பிளை அழுகிற சத்தம். யார் என்று நினைத்தேன். நான்தான். மைக்கை அமுக்கியிருக்கிறேன். டேங்கடியில் தனியாகப் புலம்பியதெல்லாம் அதில் விழுந்திருக்கிறது.

"வந்துருங்க மாமா. சொன்னா கேக்க மாட்டீங்களே. உங்க மகனுக்கு நான் என்னா பதில் சொல்லுவேன். எனக்கு பயமா இருக்கு மாமா, வந்துருங்க."

அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாம் போல வெட்கம். மாமா திரையைப் பார்க்கவில்லை. போனைக் காதோடு வைத்துக்கொண்டு முழுவதும் கேட்டார். முடிந்ததும் நிலாவிடம் கொடுத்தார். கையைத் துடைத்தார். கட்டுத்தறியில் கயிற்றை அவிழ்த்தார்.

"எந்திரி செவப்பி. அந்தப் புள்ள பயப்படுது."

நவம்பர் 21, வியாழன்

மழை விட்டுவிட்டு. பருப்பும் சோறும். பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் தொடங்குகிறது, கொதித்த தண்ணீர்தான் தர வேண்டும். பி.கா. வேலையை இங்கேயும் நான்தான் பார்க்கிறேன். நல்லது. சும்மா இருந்தால் பைத்தியம் பிடிக்கும்.

ஆட்கள் முணுமுணுக்கிறார்கள். மலை ஒன்றும் ஆகவில்லையே, கோழி என்ன ஆச்சோ, அடுப்பு என்ன ஆச்சோ. விழுந்தால் பயம். விழாவிட்டால் அடுத்த முறை யாரும் வரமாட்டார்களே என்று வேறு பயம். எதை வேண்டுவது என்று தெரியாமல் சாமி கும்பிட்டேன்.

நவம்பர் 22, வெள்ளி

எழுத்து கோணல்.

காலையில் வெயில் எட்டிப் பார்த்தது. நான் பின்னால் விறகடுப்பில் பிள்ளைகளுக்குத் தண்ணீர் காய்ச்சிக்கொண்டிருந்தேன். நிலா வந்து, தாத்தாவும் மாடும் வீட்டுக்குப் போய்விட்டார்கள் என்றாள். ஓடி வந்து பார்த்தால் வகுப்பறை பாதி காலி. பாய் சுருட்டிக்கொண்டிருந்த பொம்பிளையிடம் யார் போகச் சொன்னது என்றேன். போனைக் காட்டினாள். பச்சை முட்டை. "வெளியேறும் எச்சரிக்கை நீக்கப்பட்டுள்ளது."

என் பக்கத்தைத் திறந்தேன். சுற்றியது, சுற்றியது. சிவப்பு. மாறவே இல்லை. தலைவர் சாமான் எடுக்க டவுனுக்குப் போயிருந்தார். பாய்க்காரியிடம் நிலாவைப் பிடித்துத் தந்துவிட்டு ஓடினேன். ஓடும்போதே ரெக்கோட் பண்ணினேன்.

லயத்துக்கு இறங்குகிற ரோட்டு வளைவுக்கு வருவதற்குள் மறுபடி மழை. கீழே லயம் தெரிகிறது. கூரைகளில் புகை. அடுப்பு மூட்டிவிட்டார்கள். கோழி கூப்பிடுகிற சத்தம். ஒரு சாதாரண நாள் போலவே இருந்தது. பட்டியில் மாமாவின் வெள்ளைச் சட்டை.

வளைவுக்குக் கீழே நாலைந்து பேர் மூட்டையோடு இறங்கிக்கொண்டிருந்தார்கள். போகாதீர்கள் என்றேன். என்ன ஆதாரம், காட்டு என்றார்கள். போனை நீட்டினேன். நனைந்த திரை. விரல் வைக்கிற இடம் ஒன்று, திறக்கிறது வேறொன்று. சேலையில் துடைத்தால் சேலையும் ஈரம். கலாவின் குழந்தைப் படம் திறக்கிறது, கெமரா திறக்கிறது, வீடியோ மட்டும் திறக்கவில்லை. அவர்கள் நடந்துவிட்டார்கள்.

அப்போது சத்தம் போட்டேன். எங்கிருந்து வந்தது அந்தக் குரல், தெரியாது.

"மாமா! மேல வாங்க மாமா! அந்த படம் பொய், நான் வெட்டுன படம். வாங்க மாமா!"

லயம் அப்படியே நின்றது. மூட்டைக்காரர்கள் திரும்பி என்னைப் பார்த்தார்கள். மாமனார் முன்னால் வாய் திறக்காத சுமதி, நடுரோட்டில் நின்று மாமனாரைப் பார்த்துக் கத்துகிறாள். எங்கள் லயத்தில் இதை யாரும் கேட்டதில்லை. மாமா நிமிர்ந்து பார்த்தார். அவ்வளவு தூரத்தில் முகம் தெரிந்திருக்காது. போனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாட்டை அவிழ்த்தபடி லயத்தைப் பார்த்துச் சொன்னது எனக்கு மேலே கேட்டது.

"அடுப்ப அணைங்கடா. எங்க வீட்டு புள்ள இப்புடி கத்தாது. ஏறுங்க."

ஏறினார்கள். திட்டிக்கொண்டு, கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. மாமா கடைசி, நொண்டுகிற மாட்டோடு. நான் வளைவிலேயே நின்றேன், அவர் என்னைத் தாண்டும் வரை. தாண்டும்போது இருவரும் தரையைப் பார்த்துக்கொண்டோம்.

பள்ளிக்கூடத்துக்கு வந்து ஈரச் சேலை கூட மாற்றவில்லை. லொறியில் கல் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம். லொறி என்றால் கொட்டி முடிந்துவிடும். இது முடியவில்லை. பிள்ளைகள் காதைப் பொத்தினார்கள்.

பட்டி இல்லை. எங்கள் வீடு, அந்தப் பக்கத்து நாலு வீடு, பி.கா. சுவர் ஒன்று, இல்லை. அடுப்புகள் மண்ணுக்குள். ஆட்கள் எல்லாரும் இருக்கிறார்கள். டவுனில் இருந்து வந்துசேர்ந்த தலைவர் திரும்பத் திரும்பப் பெயர் கூப்பிட்டார். எல்லாரும் இருக்கிறார்கள்.

நவம்பர் 23, சனி

மழை. காலையில் தூறல், இப்போது பெரிதாக.

இவர் கொழும்பில் இருந்து பஸ் ஏறிவிட்டார். ரோடு திறந்தால் நாளை வருவார். நிலா வீட்டுக்குப் போவோமா என்று கேட்கிறாள். புதுச் சட்டை கயிற்றிலேயே போய்விட்டது.

லெச்சுமி என்னைக் கூப்பிட்டு வைத்துக் கையைப் பிடித்துக்கொண்டாள். நேற்று மூட்டையோடு இறங்கிய ஆள் இன்று தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். நான் வெட்டின படத்தால்தான் இறங்கினீர்கள் என்று சொல்ல வாய் வந்தது. அவருக்கே தெரியும்.

தேத்தண்ணி ஆறிப்போய்விட்டது. மாமா மாட்டுக்குப் புல் போட்டுவிட்டு வந்து, எனக்குக் கொஞ்சம் தள்ளிச் சுவரோரம் உட்கார்ந்தார். நிலா தூங்கிக்கொண்டிருந்தாள். மாடு வெளியே. சொல்லிவிட இடையில் ஆளே இல்லை.

"சுமதி. தேத்தண்ணி குடிச்சியாம்மா."

இல்லை மாமா என்றேன். இவ்வளவுதான் பேச்சு. அதற்கே எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

இரவு பத்து மணி இருக்கும், போன் ஒரு தடவை டிங் என்றது. வட்ஸ்அப்பில் கலாவின் குரல் செய்தி. பின்னால் பிள்ளை அழுகிறது, ஆட்கள் சாமான் எடுக்கிற சத்தம்.

"அக்கா, இங்க எச்சரிக்கைய எடுத்துட்டாங்க. மண்டபத்துல எல்லாரும் படத்த வச்சிருக்காங்க. புள்ளைக்கு இங்க குளிர் தாங்கல, நாங்க வீட்டுக்கு எறங்குறோம். கீழ போனா சிக்னல் இல்ல, நாளைக்கு பேசுறேன்."

அதன் கீழே ஒரு படம்.

பச்சை முட்டை. கோணல். என் விரல்.

அன்று அனுப்பியதை நான் அழிக்கவே இல்லை. லயம் முழுக்க வீடு வீடாகப் போனேன், கலாவை நினைக்கவில்லை.

கலாவுக்குப் போன் எடுத்துப் பார்க்கிறேன், போகவில்லை. மறுபடியும். போகவில்லை. மாமா எழுந்து பக்கத்தில் வந்து, என்னாச்சு சுமதி என்று கேட்கிறார். அவர் கையில் போனைத் தந்து தொடர்ந்து எடுக்கச் சொன்னேன். லெச்சுமியின் போனை வாங்கிப் பக்கத்தைத் திறந்தேன்.

ஹாலிஎல சிவப்பு. மேலே இன்றைய திகதி இருக்கிறது, நேரம் இருக்கிறது. மூன்று விரலால் இழுத்தேன். வெட்டாமல், முழுசாகக் கலாவுக்கு அனுப்பினேன்.

ஒரு டிக்.

இன்னும் ஒரு டிக்தான்.